கொள்ளு தின்ற மாட்டுக்குச் சினை நிற்காதா? கருமுட்டையின் சர்க்கரையும் அதைப் பிடிக்கும் புரதங்களும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி இதுதான்: "அக்கா, எங்க மாட்டுக்கு மூணு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல. கொள்ளு வைக்காதே, அது சூடுன்னு சொன்னா கேட்டியான்னு பாட்டி திட்டுறாங்க. நான் தர்மபுரியில விலங்கியல் படிக்கிறேன். கொள்ளுல லெக்டின்னு ஒரு புரதம் இருக்கு, அது சர்க்கரையைப் பிடிக்கும், கருமுட்டை மேல சர்க்கரை இருக்கு, முட்டைக்குள்ளேயும் லெக்டின் இருக்குன்னு படிச்சேன். அப்போ பாட்டி சொல்றது சரிதானா?"

முதலில் மாட்டுக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் பேசலாம். கொள்ளு காரணம் இல்லை. ஊறவைத்து நன்றாக வேகவைத்த கொள்ளில் லெக்டின் பெரும்பாலும் உருக்குலைந்து போயிருக்கும். அரைவேக்காடாகவே வைத்தாலும், மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதற்கும் தப்பி, குடலைத் தாண்டி, இரத்தத்தில் ஏறி, கருக்குழாய்க்குள் இறங்கி, முட்டையைத் தேடிப் பிடிக்கும் அளவுக்குக் கொள்ளுக்குச் சாமர்த்தியம் கிடையாது. பாட்டியிடம் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தணித்துச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் படித்த விஷயங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மைதான். சேர்த்துக் கோத்த இடத்தில்தான் பிசகு. அதே பிசகைப் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களும் பல வருடம் செய்திருக்கின்றன, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

லெக்டின் கதையே நம் கடலைக்காட்டு ஓரத்தில் நிற்கும் ஆமணக்கில் தொடங்குகிறது. 1888-ல், இன்று எஸ்டோனியாவில் இருக்கும் டார்ட்டு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர், ஆமணக்கு விதைச் சாறு இரத்தச் சிவப்பணுக்களைத் திரித்துக் கட்டிகட்டியாக ஒட்ட வைப்பதைப் பார்த்தார். அந்த நஞ்சுதான் ரிசின். அதற்கு இரண்டு துண்டுகள். ஒன்று செல்லின் மேல் இருக்கும் கேலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். மற்றது உள்ளே போய்ப் புரதம் செய்யும் இயந்திரத்தையே கெடுக்கும். ஆமணக்குப் பிண்ணாக்கை வயலுக்கு எருவாகப் போடுகிறோமே தவிர மாட்டுத் தொட்டியில் போடுவதில்லை, இல்லையா? காரணம் இதுதான்.

அடுத்தது உங்கள் கொள்ளு. 1951-ல் பேர்ட் என்ற ஆய்வாளர், கொள்ளுச் சாறு ஏ வகை இரத்தத்தைத் திரிக்கும், அதிலும் ஏ1 என்ற உட்பிரிவை நன்றாகத் திரிக்கும் என்று கண்டார். ஏ வகை இரத்த அணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல்கேலக்டோசமின் என்று ஒன்று இருக்கிறது. கொள்ளு லெக்டின் பிடிப்பது அதைத்தான். ஏ1-ல் அது மண்டிக் கிடக்கும், ஏ2-ல் குறைவு. சாற்றைச் சரியான அளவுக்கு நீர்த்துவிட்டால் ஏ1 மட்டும் திரியும். இரத்த வங்கிகளில் இன்றும் இந்தச் சோதனைக்குக் கொள்ளு லெக்டின் குப்பி இருக்கிறது. நாம் களி உருண்டைக்குக் கடைந்து ஊற்றிக்கொள்ளும் அதே கொள்ளு. இப்படிச் சர்க்கரையைத் தேர்ந்து பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று 1954-ல் பெயர் வைத்தவர் வில்லியம் பாய்ட். தேர்ந்தெடுப்பது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தார். செடிகளில் மட்டும்தான் இது உண்டு என்று அப்போது நினைத்தார்கள். பிறகு பார்த்தால் விலங்குகளில், நம் உடம்பில், எங்கும் இருந்தது.

இங்கே சர்க்கரை என்றால் எறும்பு மொய்க்கிற சர்க்கரையை நினைக்காதீர்கள். செல்லின் வெளிச்சவ்வில் உள்ள புரதங்களின் மேல் மேனோஸ், கேலக்டோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் போன்றவை கிளைவிட்ட சங்கிலிகளாக நீட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்கு வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் கை படுவது அதன் மேல்தான். ஒரு லெக்டின் ஒரு சர்க்கரையைப் பிடிக்கும் பிடி மிகவும் பலவீனமானது. ஒட்டுப்புல் காட்டில் நடந்துவிட்டு வந்தால் வேட்டியைப் பாருங்கள்: ஒரு விதையை விரலால் தட்டினாலே விழும், நூறு விதை ஒட்டினால் உட்கார்ந்து பிய்க்க வேண்டும். லெக்டினின் பலமும் அப்படித்தான், எண்ணிக்கையில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, முட்டைக்கு வருவோம். பசுவின் கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அதைச் சுற்றி ஜோனா பெலூசிடா என்ற தெளிவான உறை. சுண்டெலியில் இந்த உறை இசட்பி1, இசட்பி2, இசட்பி3 என்ற மூன்று புரதங்களால் ஆனது, மனிதரில் நான்கு, பசுவில் இசட்பி2, இசட்பி3, இசட்பி4. எல்லாவற்றின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கும். விந்தணு முட்டைக்குள் போக வேண்டுமானால் முதலில் இந்த உறையில் ஒட்டியாக வேண்டும்.

அப்போது யாருக்கும் முதலில் தோன்றுவது என்ன? விந்தணுவின் தலையில் ஒரு லெக்டின், உறையில் அதற்கேற்ற ஒரு சர்க்கரை, பூட்டும் சாவியும் போல என்றுதான். 1973-லேயே கோதுமை முளைக்கருவின் லெக்டினில் ஹாம்ஸ்டர் முட்டையை ஊறவைத்தால் விந்தணு உள்ளே போக முடிவதில்லை என்று காட்டியிருந்தார்கள். 1980-ல் பிளெய்ல், வாசர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலி உறையின் மூன்று புரதங்களையும் தனித்தனியே பிரித்து, இசட்பி3-ஐக் கரைத்து விந்தணுக்களோடு கலந்தார்கள். அவை அதைப் பிடித்துக்கொண்டு, முட்டையில் ஒட்டாமல் போயின. கருவுற்ற முட்டையிலிருந்து எடுத்த இசட்பி3-க்கு அந்தச் சக்தி இல்லை. 1985-ல் இன்னொரு படி போனார்கள்: புரதத்தைவிட அதன் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிதான் விந்தணுவைப் பிடிக்கிறது என்றார்கள். அழகான கதை. நான் படித்த பாடப்புத்தகத்தில் இந்தக் கதைதான் முழுப் பக்கப் படத்தோடு இருந்தது. பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன்.

அப்புறம் மரபணுவை நீக்கிய எலிகள் வந்தன. கதை ஆட ஆரம்பித்தது.

விந்தணு பிடிக்கும் சர்க்கரை ஆல்ஃபா பிணைப்பில் நிற்கும் கேலக்டோஸ் என்றார்கள். அதைச் சேர்க்கும் நொதியே இல்லாத எலிகளை 1995-ல் உருவாக்கினார்கள். அவை சாதாரணமாகக் குட்டி போட்டன. விந்தணுப் பக்கம் கேலக்டோசில்ட்ரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதிதான் பிடிக்கும் கை என்றார்கள். அது இல்லாத ஆண் எலிகளும் குட்டிக்குத் தகப்பனாயின. முட்டை வளரும்போது மட்டும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒரு பெரிய வகையையே துண்டித்துப் பார்த்தார்கள். உறை மெலிந்தது, முட்டைகள் குறைந்தன, ஆனாலும் கருவுற்றன. இன்னொரு வகையைத் துண்டித்தபோதும் முட்டைகள் கருவுற்றன.

இதற்கிடையே ஜூரியன் டீன் என்ற ஆய்வாளரின் குழு வேறு பக்கத்திலிருந்து வந்தது. விந்தணு பிடிப்பது இசட்பி2 புரதத்தின் ஒரு முனையை என்பது அவர்கள் கண்டது. ஒரு விந்தணு உள்ளே போனதும், முட்டையின் விளிம்பில் வரிசையாக நிற்கும் கார்டிகல் குருணைகள் வெடித்து ஓவாஸ்டசின் என்ற நொதியை வெளியே கொட்டும். அது இசட்பி2-ஐ வெட்டிவிடும். அதற்குமேல் வேறு விந்தணு ஒட்ட முடியாது. வெட்ட முடியாதபடி இசட்பி2-ஐ மாற்றி வைத்த எலிகளில், முட்டை கருவுற்ற பிறகும், இரண்டு செல்லாகப் பிரிந்த பிறகும்கூட விந்தணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டே இருந்தன. சர்க்கரை எப்படி இருந்தாலும், இசட்பி2 வெட்டுப்படாதவரை ஒட்டுவது நிற்கவில்லை. 2010-ல் வந்த இந்த முடிவைப் படித்த அன்று, பத்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன்.

அதற்காகச் சர்க்கரைக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2011-ல் மனித முட்டையின் உறையைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதில் சியாலில் லூயிஸ் எக்ஸ் என்ற சங்கிலி நிறைந்திருப்பதையும், அதைத் தனியாகச் சேர்த்தால் மனித விந்தணு உறையில் ஒட்டுவது தடைபடுவதையும் காட்டினார்கள். வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரைப் பிடிக்கப் பயன்படுத்தும் அதே சங்கிலி. எலிக்கு உண்மையானது மனிதருக்கும் மாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்ததும் பழைய கதையின் பிழைகளில் ஒன்று. ஆனால் என் பார்வையில் பெரிய பிழை வேறு. ஒரு சர்க்கரையை மூடினால் ஒட்டுவது நிற்கிறது என்பதால், இயற்கையில் ஒட்ட வைப்பது அந்தச் சர்க்கரைதான் என்று ஆகிவிடாது. கதவில் பெரிய பாறையைச் சாய்த்தாலும்தான் கதவு திறக்காது. அதற்காகப் பாறை சாய்ந்த இடத்தில் பூட்டு இருக்கிறது என்று அர்த்தமா? கோதுமை லெக்டின் பாறை மாதிரி பெரிய மூலக்கூறு.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கருவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒளிரும் சாயம் பூட்டிய லெக்டின்களை வைத்து முட்டைகளைச் சாயம் ஏற்றும் வேலை. மைசூர்ப் பருப்பின் லெக்டின் சுண்டெலி முட்டையின் கார்டிகல் குருணைகளைக் காட்டிக்கொடுக்கும்: கருவுறாத முட்டையின் விளிம்பில் பச்சைப் புள்ளிகள் நெருக்கமாக மின்னும், கருவுற்றதும் காணாமல் போகும். நிலக்கடலையின் லெக்டின் விந்தணுத் தலையில் உள்ள தொப்பியில் ஒட்டும்; தொப்பி கழன்றதா இல்லையா என்று காளையின் விந்திலும் அதை வைத்துப் பார்க்கலாம். ஒருநாள் கொள்ளு லெக்டினைப் போட்டேன், எல்லாமே பளபளவென்று ஒளிர்ந்தது. துள்ளிக் குதித்துப் படமெடுத்துக்கொண்டு ஓடினேன். என் மேற்பார்வையாளர் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "அந்தச் சர்க்கரையைக் கலந்து பார்த்தியா?" என்றார். கொள்ளு பிடிக்கும் சர்க்கரையைத் தனியாகக் கரைத்து முதலில் சேர்த்தால், லெக்டினின் கைகள் நிறைந்துவிடும். ஒளி அணைய வேண்டும். மறுநாள் செய்தேன். அணையவில்லை. சரியாகக் கழுவாத சாயம்தான் அத்தனை நேரம் ஒளிர்ந்திருந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி: முட்டைக்குள்ளேயே லெக்டின் இருக்கிறதா? இருக்கிறது. இதில் மிகத் தெளிவான உதாரணம் பாலூட்டி அல்ல, தவளை. சீனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையில் கார்டிகல் குருணைக்குள்ளேயே கேலக்டோஸைப் பிடிக்கும் ஒரு லெக்டின் காத்திருக்கும். விந்தணு நுழைந்ததும் அது வெளியே பாய்ந்து, முட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பசையின் சர்க்கரைகளைப் பிடித்து இறுக்கி ஒரு புது அடுக்கைக் கட்டிவிடும். இரண்டாவது விந்தணுவுக்கு வழி அடைபட்டது. 1970-களிலேயே இது தெரியும். இங்கே மட்டும் லெக்டின்தான் வேலைக்காரன் என்று தயங்காமல் சொல்லலாம். இதே குடும்பத்துப் புரதங்கள் நம் குடலில் இன்டெலெக்டின் என்ற பெயரில் இருக்கின்றன. அங்கே அவை கிருமிகளின் சர்க்கரையைப் பிடிக்கின்றன. பாலூட்டி முட்டைகளோ முன்பு சொன்னபடி வெட்டும் நொதியை நம்பியிருக்கின்றன. கொறிக்கும் விலங்குகளின் குருணைகளில் கால்ரெட்டிகுலின் என்ற லெக்டினும் உண்டு. அதன் வழக்கமான வேலை செல்லுக்குள்: புதிதாகச் செய்த புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் குளுக்கோஸைப் பிடித்து, புரதம் சரியாக மடியும்வரை வெளியே விடாமல் நிறுத்திவைப்பது.

மடிப்பு வேலை சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. கால்ரெட்டிகுலினுக்கு உறவான கால்மெஜின் என்று ஒன்று விதைப்பையில் இருக்கிறது. அது இல்லாத ஆண் எலிகளின் விந்தணு நன்றாக நீந்தும், பார்க்க ஒரு குறையும் தெரியாது, ஆனால் முட்டை உறையில் ஒட்டாது. 1997-ல் கண்டது இது. ஒட்டும் இடத்தில் நிற்காமல், எங்கோ பின்னால் பட்டறையில் இருந்துகொண்டு ஒட்டுவதைத் தீர்மானிக்கிறது.

கருவுற்ற பிறகும் இதே நாடகம்தான். சுண்டெலிக் கரு எட்டு செல்லாக இருக்கும்போது, தனித்தனி உருண்டைகளாகத் தெரியும் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகும். அந்தச் சமயத்தில் லூயிஸ் எக்ஸ் சர்க்கரை செல்களின் மேல் தோன்றுகிறது. அந்தச் சர்க்கரையைப் பலமுனைகளோடு செய்து வெளியே சேர்த்தால் இறுகிய கரு மறுபடி தளரும் என்று 1984-ல் காட்டினார்கள். ஒட்டுப்புல் நினைவிருக்கிறதா? பல முனை இருந்தால்தான் வேலை செய்தது. உடனே, கருவைச் சேர்த்துக் கட்டுவதே இந்தச் சர்க்கரைதான் என்று பலர் எழுதினார்கள். 2004-ல் அந்தச் சர்க்கரையைச் செய்யும் நொதி இல்லாத எலிகள் வந்தன. கருவில் லூயிஸ் எக்ஸ் காணோம். குட்டிகள் ஒழுங்காகப் பிறந்தன. இறுகுவதில் முக்கியப் பங்கு ஈ-கேடரின் என்ற வேறு புரதத்துக்கு.

கேலக்டின்கள் என்று ஒரு குடும்பம் உண்டு, கேலக்டோஸைப் பிடிப்பவை. கேலக்டின்-1, கருப்பையில் பதியத் தயாராகும் கருவின் வெளி அடுக்கில் நிறைய உண்டாகிறது. பதிவதற்கு அது கட்டாயம் என்று நினைத்து 1993-ல் அதை நீக்கினார்கள். குட்டி பிறந்தது. கேலக்டின்-3 அதன் வேலையைப் பார்த்திருக்கும் என்று இரண்டையும் சேர்த்து நீக்கினார்கள். அப்போதும் கரு பதிந்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர் சர்க்கரை ஆராய்ச்சியையே விட்டுவிட்டார்கள். எனக்கு அது அவசரமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலிகளைத் தொடங்கி வைக்கும் நொதியையே கருவிலிருந்து நீக்கினால், பத்தாம் நாள் வாக்கில் கரு இறந்துபோகிறது. ஒட்டுப்புல்லில் ஒரு விதையைப் பிய்த்தால் மற்றவை பிடித்துக்கொள்கின்றன. மொத்தமாக உதறினால்தான் தெரிகிறது.

மனிதரில் ஒரு சுவையான கதை உண்டு. 2003-ல் கண்டது: உறையை விட்டு வெளிவந்த மனிதக் கருவின் வெளிச்செல்களில் எல்-செலக்டின் என்ற லெக்டின் இருக்கிறது, கருப்பை, கருவை ஏற்கும் நாட்களில் தன் சுவரில் அதற்கேற்ற சர்க்கரைகளைக் கூட்டிக்கொள்கிறது. வெள்ளை அணு இரத்தக் குழாய்ச் சுவரில் உருண்டு நிற்பதுபோல் கருவும் தொட்டுத்தொட்டு நிற்கிறது என்பது அவர்கள் கருத்து. செம்மறி ஆட்டில் கேலக்டின்-15 இருக்கிறது. கரு அனுப்பும் இன்டர்ஃபெரான் டௌ என்ற செய்தி கிடைத்ததும் கருப்பை அதைச் சுரக்கிறது, கரு ஒட்ட அது உதவுகிறது. ஆட்டுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று, எலிக்கு வேறொன்று. இனத்துக்கு இனம் மாறுவதால்தான் எலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்கிறேன்.

கொள்ளுக்கு ஒரு வார்த்தை பாக்கி. சினையான சுண்டெலியின் கருப்பையில் இருக்கும் தனிவகைக் கொல்லி அணுக்களை (நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) இனம் காண இன்றும் கொள்ளு லெக்டினைத்தான் தேடுகிறார்கள். காளைக் கன்றின் விதைப்பையில் விந்தணுவாகப் போகும் ஆரம்பச் செல்களையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. ஆலம்பாடி மாட்டு இனத்துக்கென்று காரிமங்கலத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். சாயமும் நுண்ணோக்கியும் எல்லா இடத்திலும் இருக்காது, ஆனால் இந்தக் கேள்விகளுக்கு மாட்டை அருகில் பார்ப்பது மிகவும் உதவும்.

இப்போது உங்கள் மாடு. சர்க்கரை பிடிக்கும் புரதம் உங்கள் தொழுவத்தில் உண்மையாகவே கணக்கில் வரும் ஓரிடம் உண்டு: கருக்குழாய். காளையின் விந்தணு மேல் பூசியிருக்கும் சில புரதங்கள் கருக்குழாயின் உட்சுவரில் உள்ள ஃபியூகோஸைப் பிடித்துக்கொண்டு விந்தணுவை அங்கே தங்க வைக்கின்றன. முட்டை வெளிவரும் நேரம் நெருங்கும்போது அவை விடுபட்டு மேலே போகின்றன. ஊசி போட்ட நிமிடமே முட்டை தயாராக இருக்க வேண்டியதில்லை என்பதும், ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் இதனால்தான். பசுவில் பருவ அறிகுறி அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி என்று சொல்வது அந்தக் கணக்கில்.

மூன்று தடவையும் எத்தனை மணிக்குப் பருவத்தைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு ஊசி விழுந்தது என்று எழுதி வைத்தீர்களா? எங்கள் வீட்டில் ஒருமுறை காலையில் கத்திய மாட்டுக்கு மறுநாள் மதியம்தான் ஊசி போட ஆள் வந்தார். அந்த மாடும் நிற்கவில்லை, அதற்கும் எங்கள் பாட்டி கொள்ளைத்தான் திட்டினார். அடுத்த பருவம் சுமார் 21 நாளில் வரும். அப்போது வழியும் திரவம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா, அல்லது வெள்ளையாகத் திரிதிரியாகக் கலங்கி இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கியிருந்தால் கருப்பையில் புண் இருக்கலாம். அந்தப் பருவத்தில் ஊசி போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா என்றும் அவரே கேட்பார். கொள்ளை வேகவைத்துக் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பாட்டி கேட்டால், மருத்துவர் சொன்னார் என்று சொல்லுங்கள், நான் சொன்னேன் என்றால் கேட்கமாட்டார்.